பச்சையாக மாறாத நீலம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு டப்பா திரும்பி வந்தது. "கெட்டுப்போச்சு, பச்சையா இருக்கு" என்று மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி. கெட்டுப்போகவில்லை தாயே! சீமைச்சாமந்தி எண்ணெய் அப்படித்தான். வடித்து எடுக்கும்போது மைக்கூட்டில் முக்கியது போல நீலம். கிரீமில் கலந்தால் வெளிறிய நீலம். வெளிச்சம் பட்டு, நாளாக ஆகப் பச்சை. அதற்கும் மேலே போனால் பழுப்பு. மனிதர்களுக்குத் தலை நரைத்தால் அது வயசு, என் கிரீம் நிறம் மாறினால் மட்டும் அது மோசடி.

அக்கா அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்கடையிலிருந்து என் கலவை அறைக்குள் வந்தாள். இந்தச் சின்னக் கம்பெனி எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். அவள் சிரிப்பாள், பேசுவாள், விற்பாள். நான் உருக்குவேன், அடிப்பேன், ஆற வைப்பேன்.

"ஒரு துளி நீலச் சாயம் போட்டா என்னடி? மிட்டாய்க்குப் போடுறதுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப எண்ணெய் எதுக்கு? சாயத்தையே டப்பாவில அடைச்சு வித்துடலாமே."

"கேட்டேன், அவ்வளவுதான். உடனே மூக்கு நுனியில கோபம்."

அவ்வளவுதான் என்பாள். அவள் "அவ்வளவுதான்" என்று சொன்ன எதுவும் அத்தோடு முடிந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாம் அந்தக் கோட்டுக்காரர் வந்துபோனதிலிருந்து. ஏழெட்டு ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்குச் சரக்கு எடுப்பவர் அவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றுவதில்லை. எங்கள் கிரீமை எல்லாக் கிளைகளிலும் வைக்கிறாராம், ஆனால் அலமாரியில் இருக்கும் வரை நிறம் மாறக் கூடாதாம். அவர் கோட்டும்தான் வெளுத்துக்கொண்டு வருகிறது, நான் ஏதாவது சொன்னேனா?

மார்ச் 7, வெள்ளி

வாராவாரம் இணையத்தில் போடுகிற வெள்ளிக்கிழமைப் படம் எடுத்தாயிற்று. முன்கடையில் வெள்ளைத் துணி கட்டி அதன் முன் அக்கா உட்கார்ந்தாள். ஒரு கிண்ணத்தில் வெள்ளைக் கிரீம். நான் பக்கத்தில் நின்று அதில் எண்ணெய் சொட்டி, நீலம் கோடு கோடாக விரிவதைக் காட்டி, கலக்கி, அவள் கன்னத்தில் தடவினேன். படத்தில் என் கை மட்டும்தான் வரும், முகம் வராது. எனக்கு அது போதும்.

இந்த நீலம் பூவில் கிடையாது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பூ வெள்ளையும் மஞ்சளுமாகத்தான் இருக்கிறது. ஆவியில் வேகும்போதுதான் நீலம் பிறக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, மருந்துக் கம்பெனி வேலை போய் நான் சுருண்டு கிடந்த நாட்கள் அவை, எழுந்து உட்கார்ந்து அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அப்போது அக்காவுக்குக் குளிரில் கன்னம் வெடித்திருந்தது. அவளுக்காகத்தான் முதல் டப்பா செய்தேன். ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. "இதை நாமளே விக்கலாமேடி" என்றாள். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம்.

இப்போது என்னடாவென்றால், படம் முடிந்த அடுத்த நொடி முகம் கழுவ ஓடுகிறாள். துடைக்கக்கூட இல்லை, ஓட்டம். அவள் விற்கும் சரக்கை அவள் முகத்தில் ஐந்து நிமிடம் வைத்திருக்க முடியவில்லை. கழுவிவிட்டு மறுபடி கனமாக ஒப்பனை. அவளுக்கு இது வெறும் வியாபாரமாகிவிட்டது. நான்தான் பைத்தியக்காரி மாதிரி இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மார்ச் 8, சனி

அக்காவோடு பேச்சில்லை. அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 12, புதன்

ஆத்திரம் தாங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்ப்போம்.

எதிர்த்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா மதியம் கடைக்கு வந்தார். இரண்டு இமையும் வீங்கி, கண் கோடு போல இருந்தது. கன்னத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பாதி தீர்ந்து பச்சையேறியிருந்த எங்கள் டப்பாவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு, அடித்தார் என்பதுதான் சரி.

"ஊசியில நூல் கோக்க முடியலை. இதைப் பூசினதிலிருந்துதான்."

நான் பொறுமையாகத்தான் தொடங்கினேன். வேறு என்ன பூசினீர்கள், சோப்பு மாற்றினீர்களா, துணிச் சாயம் கண்ணில் பட்டதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுல கெடுதல் பண்ற எதுவுமே கிடையாதுங்க. பூவிலிருந்து எடுக்கிறது. பூ யாரையாவது கடிக்குமா?"

"பூ கடிக்காதுதான்மா. என் கண்ணைப் பாரு."

கடையில் இருந்த இரண்டு பேர் கையிலிருந்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் என்னவோ கிசுகிசுத்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தாள். டாக்டரைப் பாருங்கள் என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

காசைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? தப்பு நம்முடையது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கேட்டேன். "வந்தவங்க கண்ணு வீங்கியிருக்கு, நீ வாதம் பண்ணிக்கிட்டிருக்கே" என்றாள். அப்புறம் வழக்கமான பாட்டு: "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு."

ஆமாம், புத்தி எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

அந்த அம்மாவின் கண் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. என் சரக்கில் தப்பில்லை. தப்பே இல்லை.

மார்ச் 19, புதன்

என் ஜன்னலைப் பற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் அதிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, மூடியில் தேதி ஒட்டி, கலவை அறை ஜன்னலில் வெயில் படும்படி வைப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை, என் பழக்கம். இடமிருந்து வலமாகப் பார்த்தால் பழுப்பு, பாசிப்பச்சை, இளம்பச்சை, நீலம் என்று வரிசையாகப் போகும். எதுவும் சரியில்லை என்றால் அங்கேதான் எனக்கு முதலில் தெரியும்.

சில மாதங்களாக நான் மதியம் அறையில் இருப்பதில்லை. காலையில் மெழுகும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்துக் கிரீம் அடித்துவிட்டு, ஆற வைத்துவிட்டு, கடைகளுக்குப் போய்விடுகிறேன். "நீ விளக்கிச் சொன்னாத்தான் கடைக்காரங்களுக்குப் புரியுது" என்று அக்காதான் அனுப்பினாள். சீமைச்சாமந்தி எண்ணெயைச் சூட்டில் போடக் கூடாது, ஆறின பிறகுதான் போட வேண்டும். அதனால் அந்தக் கடைசி வேலை மட்டும் மூடிக்காரி கைக்குப் போனது. எங்கள் ஒரே வேலையாள் அவள். டப்பா மூடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் இந்தப் பெயர்.

இன்று ஜன்னலைத் துடைத்தேன். பாசிப்பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலம். அதற்கடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும். இவ்வளவு வெயிலில் உட்கார்ந்திருந்தும் மூன்றும் நேற்றுக் கலந்தது போலப் பளிச்சென்று இருக்கின்றன.

மாறாத நீலம். திறந்து முகர்ந்தேன். இந்த அறையே ஊறிப்போய்க் கிடப்பதால் மூக்கை நம்ப முடியாது. தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் முகர்ந்தேன். காய்ந்த புல்லும் கசப்பும் கலந்த அந்த வாசனை இல்லை. ஏதோ இனிப்பாக, ஆப்பிள் மாதிரி, கடையில் வாங்கிய வாசனை.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மூடிக்காரியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று டப்பாவையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள்.

"எண்ணெய் போட்டியா?"

"சின்னக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது."

"போட்டியா இல்லையா?"

"பெரியக்காதான் சொன்னாங்க. எண்ணெய் வேணாம், சாயமும் சென்ட்டும் போடுன்னு. சின்னக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு. நான் கூலிக்காரி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்றது?"

அலமாரியின் மேல்தட்டில், காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், எண்ணெய்க் குப்பிகளை எடுத்துக் காட்டினாள். எல்லாம் முழுசாக, முத்திரை உடையாமல். நான் பார்த்துப் பார்த்து, தரம் கேட்டு, சண்டை போட்டு வரவழைத்த எண்ணெய்.

என்னைக் கடை கடையாக அனுப்பியது எதற்கு என்று இப்போது புரிகிறது. விளக்கிச் சொல்லவாம்! நான் ஒவ்வொரு கடையிலும் நின்று, அசல் எண்ணெய், அசல் எண்ணெய் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவள் இங்கே சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள். என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறாள், கூடப்பிறந்தவள்.

மார்ச் 21, வெள்ளி

இன்று படம் எடுக்கவில்லை. வெள்ளைத் துணியைப் பிடுங்கிப் போட்டேன்.

"எத்தனை மாசமா நடக்குது?"

அவள் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"டப்பாமேல என்ன எழுதியிருக்கு? வாசி. சீமைச்சாமந்தி எண்ணெய்னு எழுதியிருக்கா இல்லையா? உள்ளே என்ன இருக்கு? எல்லாம் அந்தக் கோட்டுக்காரனுக்காகத்தானே? நிறம் மாறாம இருக்கணும், ஆர்டர் வரணும், எண்ணெய்ச் செலவும் மிச்சம். அதுக்காக என்னை முட்டாளாக்கினே."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிபடவில்லை. கெஞ்சுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"ஆமா. அப்படியே வச்சுக்கோ."

வச்சுக்கோவாம்! திருடி என்று சொன்னால்கூட ஆமாம் என்பாள் போலிருக்கிறது. நான் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், விநியோக வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "உன்கூடப் பிறந்ததுக்கு வெட்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைக்கு மேலே மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 22, சனி

கடைக்கு இறங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

அவள் ஒரு தடவைகூட மாடி ஏறி வரவில்லை. தப்புச் செய்தவள் அவள். நான்தான் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மானங்கெட்ட காது.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை சாவிக்கொத்தை அவள் வீட்டில் எறிந்துவிட்டு வருகிறேன். கடையும் வேண்டாம், நீலமும் வேண்டாம்.

மார்ச் 25, செவ்வாய்

எறிய முடியவில்லை.

காலையில் போய்க் கதவைத் தட்டினேன். அத்தான்தான் கதவைத் திறப்பார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். திறந்தது அக்கா. அப்போதுதான் எழுந்திருக்கிறாள். முகத்தில் ஒப்பனை இல்லை. அவளை ஒப்பனை இல்லாமல் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை.

இமை தடித்திருந்தது. கன்னத்தில் தோல் செதில் செதிலாக உரிந்து, உள்ளே பச்சை ரணம் போலச் சிவப்பு. கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. தையல்கடை அம்மாவின் முகத்தை எடுத்து என் அக்கா கழுத்துக்குமேல் வைத்த மாதிரி.

அவள் சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து அத்தான் குரல்: "இன்னுமா நீ அவகிட்ட சொல்லலை?"

"என்ன இது?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும்.

"கத்தாதேடி. இந்த வாரம் பூசலை இல்ல, அதான் இவ்வளவு குறைஞ்சிருக்கு."

இது குறைந்தது!

உட்கார வைத்துச் சொன்னாள். முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லையாம். போன கோடையில் சின்ன அரிப்பு. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசினால் புதன் வரைக்கும் எரியும், கொஞ்சம் அடங்கும்போது மறுபடி வெள்ளி வந்துவிடும். டாக்டரிடம் போயிருக்கிறாள். முதுகில் பட்டை பட்டையாக ஒட்டிப் பரிசோதித்திருக்கிறார்கள். சாமந்திக் குடும்பத்துப் பூ எதுவும் அவளுக்கு ஆகாது என்று தெரிந்திருக்கிறது. சிலருக்குப் பூசப் பூசத்தான் இப்படி வரும் என்றாராம் டாக்டர்.

"அப்ப ஏன் பூசிக்கிட்டே? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? அந்த எண்ணெயைப் பத்திப் பேசுறப்ப உன் மூஞ்சியை நீ பாத்திருக்கியா? வேலை போய், சாப்பிடாம, குளிக்காம, சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடந்தே. எத்தனை நாள் உன் ரூம் வாசல்ல உக்காந்திருந்தேன் தெரியுமா? அந்தக் குப்பி வந்ததுக்கப்புறம்தான் நீ எழுந்தே. அதைப் போய் எனக்கு ஆகலைன்னு என் வாயால சொல்லணுமா?"

"மத்தவங்களுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் போலவே இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். படத்தோடு. எனக்குக் காட்டாமல் காசைத் திருப்பிக் கொடுத்து அடக்கியிருக்கிறாள். பயம் வந்துவிட்டது. எண்ணெயையே எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது, எனக்கும் தெரியாது என்று சாயத்துக்குப் போயிருக்கிறாள். கோட்டுக்காரர் வந்ததே அதற்குப் பிறகுதானாம்.

"யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானேடி."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகை என்று சொல்ல முடியாது, அவ்வளவு கோபம். என்னை என்ன கண்ணாடிப் பாத்திரம் என்று நினைத்துவிட்டாளா? தொட்டால் உடைந்துவிடுவேனா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கையால், இந்தக் கையால், அவள் கன்னத்தில் அந்தக் கண்றாவியைத் தேய்த்திருக்கிறேன். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கழுவ ஓடுகிறாளே என்று நான் கறுவியிருக்கிறேன்.

"நீ செத்துப்போனாக்கூட சிரிச்சுக்கிட்டே சாவியா?" என்று கேட்டேன். அத்தான், "விடும்மா" என்றார். விட மாட்டேன். அவரையும் திட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவரும் சேர்ந்துதானே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

சாவிக்கொத்து என் கையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், உள்ளங்கையில் அச்சுப் பதிந்திருந்தது.

மார்ச் 26, புதன்

யார்மேல் கோபம் என்று யோசித்தேன். அக்காமேல். அத்தான்மேல். எண்ணெய்மேலா? அது என்ன செய்யும். முக்கால்வாசிப் பேருக்கு நல்லதுதான் செய்கிறது.

தையல்கடைக்குப் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. அவர் தையல் எந்திரத்தை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க சொன்னதுதான் சரி, அந்தப் பூ சிலருக்கு ஆகாது, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்" என்றார். பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டார்: "சரி, அதை விடு. இனிமே வாங்குறவளுக்கு யாரு சொல்லுவா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அவர்மேலும் கோபம்தான். ஆனால் அது வேறு மாதிரிக் கோபம்.

மார்ச் 29, சனி

அக்கா கடைக்கு வந்தாள், ஒப்பனை இல்லாமல். மூடிக்காரி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அக்காவைக் கலவை அறை வாசற்படியைத் தாண்ட விடவில்லை. "உள்ளே கால் வச்சே, அப்புறம் பாரு. காத்துலயே எண்ணெய் இருக்கு. அங்கேயே நில்லு" என்றேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே, அவள் வெளியே. இப்படித்தான் பேச்சுவார்த்தை நடந்தது.

சாயம் கலந்த எல்லாவற்றையும் திரும்ப வாங்குவது. இதில் சண்டை இல்லை. அசல் எண்ணெய் திரும்பக் கிரீமுக்குள் வருவது. இதிலும் இல்லை. டப்பாமேல் என்ன எழுதுவது என்பதில்தான் வெடித்தது.

நான் எழுதிக் காட்டினேன்: "சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் பூச வேண்டாம். மற்றவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். நடுவில் எப்போது அரித்தாலும் நிறுத்துங்கள். நாளானால் நிறம் பச்சையாகும்."

"இதைப் படிச்சா எவ வாங்குவா? பாம்பு இருக்கு ஜாக்கிரதைங்கிற மாதிரி இருக்கு. பின்னாடி சின்ன எழுத்துல போடலாம்."

"முன்னாடி. பெரிய எழுத்துல."

"நீ வியாபாரத்தையே மூடப் பாக்கிறே."

"உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்துட்டு வந்து சொல்லு, பின்னாடி போடலாம்னு."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து போய்விட்டாள். நான் அடித்துக்கொண்டிருந்த கிரீம் திரிந்துவிட்டது. மொத்தமும் கொட்டினேன்.

மூடிக்காரி தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பேசாம இருந்தாலும் சண்டை, பேசினாலும் சண்டை. நல்ல அக்கா தங்கச்சி!"

ஏப்ரல் 2, புதன்

கோட்டுக்காரர் வந்தார், ஒப்பந்தத் தாள்களோடு. அக்கா அவரிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமையிலிருந்து நாங்கள் சரியாகப் பேசவில்லை. நான் கதவோரம் நின்றேன், சண்டைக்குத் தயாராக.

புது டப்பாவை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த வாசகம் நான் எழுதியதுதான், முன்பக்கத்தில், பெரிய எழுத்தில். அச்சடித்து வரவழைத்தது அக்காவாம். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"என்னங்க இது, மருந்துக்கடைச் சரக்கு மாதிரி? இந்த வரியைப் பின்னாடி கொண்டு போங்க. நிறம் மாறுதுங்கிறதை எடுத்துடுங்க. மத்தபடி எனக்கு ஆட்சேபணை இல்லை."

அக்கா அவர் முன்னால் நேராக உட்கார்ந்திருந்தாள், உரிந்த கன்னத்தோடு. "முன்னாடிதாங்க வரும்" என்றாள். "நிறமும் மாறத்தான் செய்யும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் அச்சடிச்சோம்."

அவர் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் அக்காவிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அச்சடிச்சியா?" என்றுதான் வாயில் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் கன்னம் வலிக்கிறது போலிருக்கிறது, உடனே பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

படம் எடுத்தோம். இன்று கிரீமை நான் என் கையிலேயே பூசிக்கொண்டேன். அக்கா தள்ளி உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். பூசியது, மறைத்தது, சாயம் கலந்தது, எல்லாம். "என் தங்கச்சிக்கு இது தெரியாது" என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே பாய்ந்து, "அதெல்லாம் வேணாம், நம்ம கடை, நம்ம தப்பு" என்றேன். அதுவும் படத்தில் பதிவாகிவிட்டது. வெட்ட வேண்டாம் என்றாள். முதல் தடவையாக என் முகமும் வந்திருக்கிறது, பேய் மாதிரி.

ஏப்ரல் 5, சனி

படத்துக்குக் கீழே வந்து விழுந்தவை: மோசடிக்காரிகள். அனுதாப வியாபாரம். கூட்டுக் களவாணிகள். இன்னும் எழுதக் கூசுகிற சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத விரல் துடித்தது. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "வாங்கிக்கட்டிக்க வேண்டியதுதான்" என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

டப்பாக்கள் மலைபோலத் திரும்பி வருகின்றன. மூடிக்காரி இப்போது மூடி திறக்கும் வேலைதான் பார்க்கிறாள். நன்றாக மூடித் தொலைத்திருக்கிறாள், ஒன்றும் லேசில் திறக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

அக்கா கன்னத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். பிறகும் பயமாக இருந்தது. தொடவில்லை.

அவளுக்கென்று எண்ணெயும் வாசனையும் இல்லாத வெறும் கிரீம் ஒன்று செய்கிறேன். வேறு பாத்திரத்தில், மாடியில், ஜன்னலைத் திறந்துவைத்து. அவள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் பூசுவாளாம். என்னையே நம்பவில்லையா என்று கோபம் வந்தது. பிறகு, அதுதானே நான் டப்பாமேல் எழுதியிருப்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மே 17, சனி

காலையில் அலமாரி அடுக்க முன்கடைக்கு வந்திருந்தேன். இப்போது கூட்டம் கிடையாது, பாதி நாள் ஈ ஓட்டுகிறோம். கதவைத் திறந்து ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள், ஏழெட்டு வயது மகளோடு. டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு முன்பக்கத்தைப் படித்தாள், உதடு அசைய, நிதானமாக.

"சாமந்தி வகையா இது? இவளுக்குச் சாமந்தியைத் தொட்டாலே தடிச்சுடும். இவளுக்குத்தான் வாங்க வந்தேன். நல்ல வேளை எழுதியிருக்கீங்க."

டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு எதையும் வாங்கவில்லை.

நாளைக்கு ஒன்று, இரண்டு என்று விற்கிற காலத்தில், வந்த ஒரே ஆளும் இப்படி. கோபம் வர வேண்டும். வருகிறதா என்று காத்திருந்தேன். அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து, தெருவில் அந்தக் குழந்தை துள்ளிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போணி ஆச்சுன்னு எழுதிக்கோடி" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.